பதிவாகாத கூர்ச்சீட்டு பற்றிய தீர்ப்புகளை இந்தியன் கானூனில் எப்படித் தேடுவது?

கேள்வி: மாவட்ட நீதிமன்ற இளையவர்

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உரிமையியல் வழக்குகள் நடத்தும் சீனியர் ஒருவரிடம் மூன்றாண்டுகளாக இளையவராக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் கட்டணத் தளம் எதற்கும் சந்தா கிடையாது. அலமாரியில் பழைய எம்.எல்.ஜே., எல்.டபிள்யூ. தீர்ப்புத் தொகுதிகள் இருக்கின்றன, மற்றபடி தீர்ப்பு தேட வேண்டுமென்றால் இந்தியன் கானூன் தளம்தான். அதை நான் பயன்படுத்தும் முறையில் ஏதோ அடிப்படைப் பிழை இருப்பதாகத் தோன்றுவதால் இங்கே கேட்கிறேன்.

இப்போது கையில் இருப்பது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. கட்சிக்காரரை அடையாளம் காட்டாத அளவுக்குச் சொல்கிறேன். வாதி, 1996-இல் திருமணமான மகள். தகப்பனார் 2011-இல் இறந்தார். பூர்வீகச் சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டு மகள் வழக்குத் தொடுத்தபோது, 1998-லேயே தகப்பனாரும் இரண்டு மகன்களும் கூர்ச்சீட்டு (பங்கு பிரித்த விவரத் தாள்) எழுதிச் சொத்தைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள் என்று சகோதரர்கள் எதிருரை தாக்கல் செய்தார்கள். அந்தக் கூர்ச்சீட்டு வெள்ளைத்தாளில் எழுதப்பட்டது, பதிவு செய்யப்படவில்லை. அதைக் காட்டி மகளின் பங்கை மறுக்க முடியாது என்பதற்கு முன்தீர்ப்பு எடுத்து வரும்படி சீனியர் கூறியிருக்கிறார்.

பதிவு செய்யாத கூர்ச்சீட்டு மகளைக் கட்டுப்படுத்துமா என்று ஒரு முழுக் கேள்வியையே ஆங்கிலத்தில் தட்டினேன். ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்தன. முதற்பக்கத்தில் கிரய ஒப்பந்தம், குத்தகை, வேறு மாநிலத்து உயில் வழக்கு எல்லாம் கலந்து கிடந்தன. 'டாட்டர்', 'பிராப்பர்ட்டி', 'ரைட்' என்று மூன்று சொல்லாகச் சுருக்கிப் பார்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடுகிறது. தமிழிலேயே தட்டினால் பயனுள்ள எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. சென்ற ஆண்டு வேறொரு வழக்கில், மகன்கள் தரப்புக்காக 2017-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மகளுக்கும் மகனுக்கு நிகரான கூட்டுரிமை (பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு) தந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பே தகப்பன் இறந்துவிட்டால், மகளுக்கு அந்த உரிமை இல்லை என்பது அதன் சாரம். சீனியர் அதைப் படிக்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, அதற்கு மாறாக உச்ச நீதிமன்றம் 2020-இல் கொடுத்த வினீதா சர்மா தீர்ப்பின் நகலை நீதிபதியிடம் நீட்டினார். சீனியர் என்னைத் திட்டவில்லை; வெளியே வந்த பிறகும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் நினைவில் இருக்கிறது. ஒரு தீர்ப்பு இன்னும் உயிருடன் இருக்கிறதா என்பதைக் கட்டணத் தளம் இல்லாமல் எப்படி உறுதி செய்துகொள்வது?

மறுமொழி 1: மதுரைக் கிளை வழக்கறிஞர்

நண்பரே, உங்கள் மனத்தில் உள்ள கேள்வியை அப்படியே தளத்திடம் கேட்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2008-இல் தொடங்கப்பட்ட இந்தியன் கானூன், அடிப்படையில் தீர்ப்பில் உள்ள சொற்களோடு நீங்கள் தட்டும் சொற்களைப் பொருத்திப் பார்க்கும் தேடுபொறி. ஆகவே, இப்படியொரு வழக்கில் தீர்ப்பு எழுத உட்காரும் நீதிபதி எந்தச் சொற்களை எழுதாமல் இருக்கவே முடியாது என்று முதலில் யோசியுங்கள். 'டாட்டர்', 'ரைட்' ஆகியவை எல்லாத் தீர்ப்பிலும் வரும். சட்டத்தின் வாசகமோ அந்தச் சட்டம் பேசப்படும் தீர்ப்பில் மட்டுமே வரும்.

உங்கள் வழக்குக்குரிய வாசகம் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 6-ஆம் பிரிவு, 5-ஆம் உட்பிரிவில் இருக்கிறது. 2004 டிசம்பர் 20-ஆம் நாளுக்கு முன்பு நடந்த பாகப்பிரிவினைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று அது சொல்கிறது. அதன் கீழுள்ள விளக்கம், பாகப்பிரிவினை என்றால் முறையாகப் பதிவான பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணையின் மூலமோ நடந்தது என்றுதான் பொருள் என்கிறது. இதைக் கையாளும் நீதிபதி அந்த விளக்கத்தை எடுத்தெழுதாமல் நகர முடியாது. ஆகவே 'பார்ட்டிஷன் எஃபெக்டட் பை எ டிக்ரீ ஆஃப் எ கோர்ட்' என்ற தொடரை ஆங்கிலத்தில், சட்டத்தில் உள்ளபடியே, இரட்டை மேற்கோள் குறிக்குள் தட்டுங்கள். மேற்கோள் குறி போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வரும் ஆவணங்கள் மட்டுமே கிடைக்கும். கிரய ஒப்பந்தமும் குத்தகையும் அந்தக் கணத்திலேயே விலகிவிடும்.

அடுத்தது கூர்ச்சீட்டு. தமிழில் தட்டிக் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடப்பதால் அது இயல்புதான். ஆனால், விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. கிராமத்து ஆவணத்துக்கு உள்ள பெயர் அங்கிருந்து அப்படியே மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குள் ஆங்கில எழுத்தில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு சுருக்கெழுத்தரும் அதைத் தம் காதுக்கேற்ப எழுதியிருப்பார். 'கே'-க்குப் பின் இரண்டு 'ஓ' போட்டிருப்பார்கள், 'யு' போட்டிருப்பார்கள், 'கே'-க்குப் பதிலாக 'சி'-யில் தொடங்கியிருப்பார்கள், ஒரே சொல்லாகச் சேர்த்திருப்பார்கள், கூர் தனி, சிட் தனி என்று பிரித்திருப்பார்கள். நான் ஒரு காகிதத்தில் இந்த வடிவங்களை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவேன். ஒரு வடிவத்தில் கிடைக்காத நல்ல தீர்ப்பு இன்னொரு வடிவத்தில் கிடைத்திருக்கிறது. முச்சலிக்கா, பொறம்போக்கு, செட்டில்மென்ட் பட்டா போன்ற சொற்களுக்கும் இதே கதைதான்.

இந்த வடிவங்களை ஒரே தேடலில் சேர்க்கவும் வழியுண்டு. அத்தளத்தில் 'அல்லது' என்பதற்கு 'ஓ, ஆர், ஆர்' என்ற மூன்று பெரிய எழுத்துகளைத் தட்ட வேண்டும். 'மற்றும்' என்பதற்கு 'ஏ, என், டி, டி'. 'விலக்கு' என்பதற்கு 'என், ஓ, டி, டி'. கடைசி எழுத்து இரட்டிப்பதைக் கவனியுங்கள். சாதாரணமாக 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' என்று தட்டினால் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. சிறிய எழுத்தில் தட்டினாலும் பலிக்காது. இரு புறமும் இடைவெளியும் வேண்டும். பத்தாண்டு வழக்காடியவர்கள்கூட இதை அறியாமல், 'இந்தத் தளத்தில் எதுவும் சரியாக வருவதில்லை' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். விலக்குக் கட்டளையை மட்டும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். உயில் வழக்கு வேண்டாம் என்று 'வில்' என்ற சொல்லை விலக்கினால், ஆங்கிலத்தில் எதிர்காலத்தைக் குறிக்கும் 'வில்' வரும் தீர்ப்பெல்லாம் போய்விடும். அதாவது, எல்லாமே போய்விடும்!

நீதிமன்ற வாரியாகச் சுருக்க 'டாக்டைப்ஸ்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, நீதிமன்றத்தின் பெயரைத் தட்ட வேண்டும். நம் உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயர் இன்றும் மெட்ராஸ் ஹைகோர்ட்தான் என்றாலும், தளத்தின் குறிச்சொல் 'சென்னை' என்பதே. 'ஃப்ரம்டேட்', 'டுடேட்' என்று நாள், மாதம், ஆண்டு வரிசையில் கால எல்லை வைக்கலாம். 'சார்ட்பை' என்று தட்டி 'மோஸ்ட்ரீசன்ட்' கொடுத்தால் புதியது முதலில் வரும். இவையெல்லாம் மனத்தில் நிற்கவில்லை என்றால் 'அட்வான்ஸ்டு சர்ச்' பக்கத்தில் கட்டங்களை நிரப்பினாலும் போதும்.

இப்போது உங்கள் வழக்குக்கே வருகிறேன், ஏனென்றால் நீங்கள் தவறான பிரிவை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஐயப்படுகிறேன். உங்கள் கட்சிக்காரரின் திருமணம் 1996 என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1989 மார்ச் 25 அன்று அவர் திருமணமாகாத மகள். அந்தச் சட்டம் சேர்த்த 29-ஏ பிரிவு, அந்த நாளுக்கு முன்பே திருமணமான மகள்களை மட்டுந்தான் விலக்கியது. மற்ற மகள்களைப் பிறப்பாலேயே கூட்டுரிமைப் பங்காளிகளாக்கியது. அப்படியானால் 1998-இல் தகப்பனும் மகன்களும் பிரித்துக்கொண்டபோதே மகளும் ஒரு பங்காளி. அவரை விட்டுவிட்டு நடந்த பிரிவினை அவரைக் கட்டுப்படுத்துமா என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும், டிசம்பர் 20 என்ற எல்லையும், பதிவு பற்றிய விளக்கமும் அதன் பிறகுதான் வருகின்றன. எதிர்த்தரப்பு டிசம்பர் 20-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் 1989-இல் காலூன்றி நிற்கலாம்.

இதைத் தேடும்போதும் சொல் வடிவங்களைக் கவனிக்க வேண்டும். சில தீர்ப்புகள் '29-ஏ' என்று இடைக்கோட்டுடன் எழுதும். சில இடைக்கோடில்லாமல் எழுதும். சட்டத்தைச் சிலர் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் என்பார்கள். சிலர் தமிழ்நாடு சட்டம் 1/1990 என்பார்கள். இரண்டும் ஒன்றேதான். அதோடு, சட்டப் பிரிவுகளுக்கே அத்தளத்தில் தனிப்பக்கங்கள் உண்டு. அந்தப் பக்கத்தைத் திறந்து, அதை மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியலுக்குள் போய், அங்கிருந்து நீதிமன்றத்தைத் தேர்ந்தால் சொல்வடிவச் சிக்கல் பாதி குறையும்.

மறுமொழி 2: சட்ட மாணவர்

இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்றில் வழக்கின் விவரத்தைத் தமிழிலேயே கொடுத்து, பொருத்தமான தீர்ப்புகளைக் கேட்டால் நொடியில் பத்துத் தீர்ப்புகளை மேற்கோள் எண்ணோடு தந்துவிடுகிறது. மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற) போட்டிக்கு நாங்கள் அப்படித்தான் தயாராகிறோம்.

மறுமொழி 3: சட்டக் கல்லூரி நூலகர்

மாணவ நண்பருக்கு முதலில் ஒரு சொல். 2023-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான மாட்டா என்பவரின் வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதினார்கள். அவற்றில் பல உலகிலேயே இல்லாத தீர்ப்புகள். இவை உண்மையானவைதாமா என்று அதே செயலியிடம் கேட்டபோது, ஆம் என்றே அது பதில் சொல்லியிருக்கிறது. நீதிபதி கேஸ்டல் அந்த ஆண்டு ஜூன் மாதம் 5,000 டாலர் தண்டத் தொகை விதித்தார். வழக்கின் சட்டப் பிரச்சினை என்ன, நீதிபதி எந்தச் சொற்களைப் பயன்படுத்துவார் என்று யோசிக்க அந்தச் செயலிகள் உதவலாம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அது தரும் பெயரும் எண்ணும் உங்கள் கண்ணால் ஒரு தளத்தில் திறந்து படிக்கும் வரை தீர்ப்பே அல்ல. கட்சிக்காரரின் விவரங்களை அதில் கொட்டுவது பற்றித் தனியாகவும் யோசிக்க வேண்டும்.

இனி இளைய வழக்கறிஞரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு தீர்ப்பைக் கண்டுபிடிப்பதோடு தேடல் முடிவதில்லை. அந்தத் தீர்ப்பிலிருந்து காலத்தில் முன்னோக்கி நடந்து இன்றைய தேதி வரை வர வேண்டும். இந்தியன் கானூனில் ஒவ்வொரு தீர்ப்பின் மேலும் இரண்டு பட்டியல்களைக் காணலாம். 'சைட்ஸ்' என்பது அந்தத் தீர்ப்பு எவற்றை மேற்கோள் காட்டியது என்பது. 'சைட்டட்பை' என்பது அதைப் பின்னால் யார் மேற்கோள் காட்டினார்கள் என்பது. பலரும் முதலாவதைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இரண்டாவது.

உங்களுக்கு நேர்ந்ததையே எடுத்துக்கொள்வோம். பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்பு 2015 அக்டோபர் 16 அன்று வந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனும் மகளும் உயிருடன் இருந்தால்தான் மகளுக்குக் கூட்டுரிமை என்று இரண்டு நீதிபதிகள் அமர்வு கூறியது. 2018 பிப்ரவரி 1 அன்று வந்த தானம்மா எதிர் அமர் தீர்ப்பும் இரண்டு நீதிபதிகளுடையதே. அங்கே தகப்பன் 2001-லேயே இறந்திருந்தும் மகள்களுக்குப் பங்கு கிடைத்தது. இந்த முரண் மூன்று நீதிபதிகளிடம் போய், 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா தீர்ப்பாக முடிந்தது. உரிமை பிறப்பால் வருவது, ஆகவே 2005-இல் தகப்பன் உயிருடன் இருந்திருக்கத் தேவையில்லை என்று கூறிப் பூலாவதியை அது மறுதலித்தது. உங்கள் 2017 தீர்ப்பு பூலாவதியின் நிழலில் நின்றது. மரம் விழுந்ததும் நிழலும் போயிற்று. இந்த ஒரு பிரச்சினையைப் பொறுத்தவரை, 2015 அக்டோபருக்கும் 2020 ஆகஸ்டுக்கும் இடையே பூலாவதியைப் பின்பற்றிய எந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் ஐயத்தோடுதான் கையில் எடுக்க வேண்டும். கால எல்லைக் கட்டளையில் 11-8-2020 என்று தொடக்க நாளை வைத்துத் தேடினாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

ஆனால், 'சைட்டட்பை' பட்டியலுக்கு ஒரு குறை உண்டு. பின்னால் வந்த நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பின்பற்றியதா, வேறுபடுத்திக் காட்டியதா, மறுதலித்ததா என்பதை அது பிரித்துச் சொல்வதில்லை. எஸ்சிசி ஆன்லைன், மனுபாத்ரா போன்ற கட்டணத் தளங்களின் பெரும் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. சந்தா இல்லாதவர் அதைக் கைவேலையாகச் செய்ய வேண்டும். பட்டியலில் உச்ச நீதிமன்றத்தை மட்டும் தேர்ந்து, புதியது முதலில் என்று அடுக்கி, மேலிருந்து திறந்து, தீர்ப்பின் பெயர் வரும் பத்தியை மட்டும் படித்துக்கொண்டே கீழே வாருங்கள். அல்லது, தீர்ப்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, அதோடு 'ஓவர்ரூல்டு' (மறுதலிக்கப்பட்டது) என்ற சொல்லையும் 'பெர் இன்கூரியம்' (சட்டத்தையோ முன்தீர்ப்பையோ கவனிக்காமல் சொன்னது) என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். மாவட்ட வழக்கறிஞர் சங்க நூலகத்தில் ஒரு கட்டணத் தளமாவது திறந்திருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.

அமர்வின் எண்ணிக்கையையும் பார்க்கப் பழகுங்கள். மூவர் சொன்னதை இருவர் மாற்ற முடியாது. தேடல் முடிவுப் பக்கம் இருவர் அமர்வையும் ஐவர் அமர்வையும் ஒரே அளவு எழுத்தில்தான் காட்டும். எண்ணிக்கையைத் தீர்ப்பின் தலைப்பில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மாணவர்கள் அடிக்கடி விழும் ஒரு குழியையும் சொல்லிவிடுகிறேன். தேடிய தொடர் தீர்ப்பில் இருப்பதாலேயே அதை நீதிமன்றம் தன் முடிவாகச் சொன்னதென்று ஆகாது. அது வழக்கறிஞரின் வாதமாக இருக்கலாம். கீழமை நீதிமன்றத்தின் கருத்தாக இருக்கலாம். பழைய தீர்ப்பிலிருந்து எடுத்தெழுதிய பகுதியாக இருக்கலாம். வினீதா சர்மா தீர்ப்பே இதற்கு நல்ல உதாரணம். பூலாவதியை மறுதலிப்பதற்காக, அதன் பத்திகளை நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தொடரைத் தேடி நேராக அந்த இடத்தில் போய் இறங்குபவர், 2020-லும் உச்ச நீதிமன்றம் அதையே சொல்கிறது என்று குறிப்பெடுத்துவிடுவார். உண்மைகள், எழுவினாக்கள், இரு தரப்பு வாதங்கள், நீதிமன்றத்தின் காரணங்கள், முடிவு என்று பத்திகளை இனம் பிரித்துக் காட்டும் வசதி இந்தியன் கானூனில் பல தீர்ப்புகளுக்கு இருக்கிறது. அது இயந்திரம் செய்த பிரிப்பு என்பதால் முற்றிலும் நம்ப வேண்டாம். ஆனால் எந்தப் பத்தியில் இறங்கியிருக்கிறோம் என்று ஒரு கணம் நின்று பார்க்க உதவும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, 2023 ஜனவரியில் கட்டணமின்றித் திறக்கப்பட்ட இ-எஸ்சிஆர் தளத்திலிருந்து நகலெடுப்பது நல்லது. அது அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டின் மின்வடிவம். எஸ்சிசி, ஏஐஆர் ஆகிய தனியார் தீர்ப்புத் திரட்டுகளில் பத்தி எண்கள் ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு. எந்தப் பதிப்பின் பத்தி எண் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் குறிப்பில் எழுதினால், நீதிபதி ஒரு பக்கமும் உங்கள் சீனியர் ஒரு பக்கமும் புரட்டிக்கொண்டிருப்பார்கள். உச்ச நீதிமன்றத் தளத்தில் தமிழ் மொழிபெயர்ப்புகளும் கிடைக்கின்றன. கட்சிக்காரருக்குப் படித்துக் காட்ட அவை பயன்படும். வாதத்துக்கு ஆங்கில மூலத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4: குற்றவியல் பக்கம்

உரிமையியல் இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கத்தில், புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு பிரிவு எண்ணை வைத்துத் தேடுவதே கண்ணிவெடியாகிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். வழக்கை ரத்துச் செய்யக் கோரும் மனுக்களெல்லாம் அதன்கீழ்தான் வந்தன. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482 முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் அங்கே 528-க்குப் போய்விட்டது. முன்ஜாமீனுக்குப் பழைய எண் 438. ஆக '482' என்று மட்டும் தட்டினால் இரண்டும் கலந்து வருகின்றன. மின்னணுச் சான்றுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, புதிய சாட்சியச் சட்டத்தில் 63. புதிய எண்ணை மட்டும் தேடினால் 2014-ஆம் ஆண்டின் அன்வர், 2020-ஆம் ஆண்டின் அர்ஜுன் பண்டிட்ராவ் போன்ற அடிப்படைத் தீர்ப்புகள் தலைகாட்டாமலே போகலாம். எண்ணோடு சட்டத்தின் பெயரையும், பிரிவின் பொருளைச் சொல்லும் ஒரு தொடரையும் சேர்த்தே தட்டுகிறேன்.

கேள்வியாளரின் மறுமொழி: மாவட்ட நீதிமன்ற இளையவர்

மதுரை ஐயாவுக்கும் நூலகர் அவர்களுக்கும் நன்றி. குற்றவியல் நண்பரின் குறிப்பை எங்கள் அலுவலகத்தில் உள்ள இன்னொரு இளையவரிடம் காட்டினேன். அவர் அன்று காலைதான் '482'-இல் மாட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை சொன்னபடியே செய்து பார்த்தேன். விளக்கத்தின் தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூர்ச்சீட்டின் நான்கு வடிவங்களை 'அல்லது' கட்டளையால் இணைத்து, சென்னை என்று நீதிமன்றத்தைச் சுருக்கி, 2020 ஆகஸ்டைத் தொடக்கமாக வைத்தபோது, ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடிய அளவுக்குப் பட்டியல் வந்துவிட்டது. பிறகு அதே வடிவங்களோடு 29-ஏ-யைத் தனியாகத் தேடினேன். இதற்குக் கால எல்லை வைக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பிரிவைப் பற்றிய பேச்சு 1990-களிலிருந்தே நடக்கிறது. திருமண நாளைக் காட்டியதும் சீனியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திருமணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி வரும்படி கட்சிக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற எதிர்வாதத்தை வினீதா சர்மா தீர்ப்பு முற்றிலும் அடைத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். முடிவுப் பத்திகளை நிதானமாகப் படித்தபோது, வாய்மொழிச் சாட்சியத்தை மட்டும் நம்பிய வாதத்தை ஏற்கக்கூடாது என்று சொல்லும் அதே இடத்தில், பொது ஆவணங்கள் துணைநின்று, தீர்ப்பாணையால் நடந்ததற்கு ஒப்பாகப் பிரிவினை வெளிப்பட்டால் அரிதாக ஏற்கலாம் என்றும் இருப்பதைக் கண்டேன். சகோதரர்கள் 1998-க்குப் பிறகு தனித்தனிப் பட்டா வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சாதகமான தீர்ப்புகளை எப்படித் தேடுவது?

மறுமொழி 5: மதுரைக் கிளை வழக்கறிஞர்

இதைக் கேட்டீர்களே, அதுவே நல்ல அடையாளம். எதிர்த்தரப்பு வழக்கறிஞராக உட்கார்ந்து அரைநாள் தேடுங்கள். அவர் முதலில் எடுப்பது காலே எதிர் டெபுடி டைரக்டர் ஆஃப் கன்சாலிடேஷன், 1976, 3 எஸ்சிசி 119. ஏற்கெனவே நடந்து முடிந்த குடும்ப ஏற்பாட்டை நினைவுக்காக எழுதி வைத்த குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்பதற்கு எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். 2021 அக்டோபரில் வந்த கோருகொண்டா சலபதி ராவ் தீர்ப்பையும் சேர்ப்பார். ஆகவே 'மெமொராண்டம்', 'பாஸ்ட் பார்ட்டிஷன்', 'ஃபேமிலி அரேஞ்ச்மென்ட்' ஆகிய சொற்களைக் கூர்ச்சீட்டு வடிவங்களோடு சேர்த்துத் தேடுங்கள். பதிவுச் சட்டத்தின் 17, 49 ஆகிய பிரிவுகளின் பக்கங்களிலிருந்தும் ஒரு சுற்று வாருங்கள்.

அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு தீர்ப்பிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே பேசப்படுவது பதிவுச் சட்டத்தின்கீழ் அந்தத் தாள் சான்றாக ஏற்கத்தக்கதா என்பதா, அல்லது 6-ஆம் பிரிவின் விளக்கத்தின்கீழ் மகளின் உரிமையை அது தடுக்குமா என்பதா? இரண்டும் வெவ்வேறு. தாள் சான்றாக உள்ளே வந்துவிட்டாலும், மகளுக்கு எதிராக அது பாகப்பிரிவினை ஆகிவிடாது என்று வாதிட உங்களுக்கு இடமிருக்கிறது. தேடுபொறிக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒரே சொற்கள் என்பதால் இரண்டு வகைத் தீர்ப்புகளையும் ஒன்றாகவே கொட்டும். நான் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஒருவகை, வலப்பக்கம் மறுவகை என்று எழுதிக்கொள்வேன்.

உங்கள் கூர்ச்சீட்டின் வாசகத்தையும் மறுபடி படித்துப் பாருங்கள். 'இன்று பிரித்துக்கொண்டோம்' என்று எழுதியிருக்கிறதா, 'முன்பே பிரித்துக்கொண்டபடி' என்று எழுதியிருக்கிறதா? முதலாவது என்றால் அது நினைவுக் குறிப்பு என்ற வாதமே அவர்களுக்குக் கடினம்.

கடைசியாக, நீங்கள் எடுத்து வைத்திருக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒவ்வொன்றின் வழக்கு எண்ணையும் உச்ச நீதிமன்றத் தளத்தின் வழக்கு நிலைப் பக்கத்தில், கீழமை நீதிமன்ற விவரம் கேட்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள். மேல்முறையீடு நிலுவையிலோ இடைக்காலத் தடையிலோ இருந்தால் அங்கே தெரிந்துவிடும். சிறப்பு அனுமதி மனு காரணம் கூறாமல் தள்ளுபடியாகியிருந்தால், உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது என்று குறிப்பில் எழுதிவிடாதீர்கள். அது உறுதி செய்ததாகாது என்று 2000-ஆம் ஆண்டின் குஞ்ஞயம்மது தீர்ப்பு இருக்கிறது. பட்டா மாற்ற உத்தரவின் நகலுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டீர்களா? அது எந்த ஆண்டில், யாருக்கு அறிவிப்பு கொடுத்து நடந்தது என்பது கையில் வந்த பிறகு மறுபடி இங்கே எழுதுங்கள்.